ஒரு லப்டொப், இரண்டு சிஸ்டம்: டூயல் பூட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சனி ஞாயிறு வந்தால் யாருடையதாவது ஒரு லப்டொப் திறந்து கிடக்கும். கம்பஸ் பிள்ளைகள், சொந்தக்காரர், சொந்தக்காரருக்குத் தெரிந்தவர்கள். "விண்டோஸும் இருக்கவேணும், லினக்ஸும் வேணும்" என்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதியது இது. விண்டோஸ் 10 அல்லது 11 ஏற்கெனவே உள்ள மெஷினில், பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் போடுவது பற்றியது. ஆப்பிள் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

டூயல் பூட் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா?

ஓடாது. மெஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு மெனு கேட்கும், தெரிவு செய்ததுதான் ஓடும். மற்றது வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் பண்ண வேண்டும். ஒரு வீட்டின் மேல்மாடியையும் கீழ்மாடியையும் இரண்டு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது போலத்தான். அறைகள் வேறு வேறு, கேட் மட்டும் ஒன்று. பிரச்சினை வருவதும் பெரும்பாலும் அந்தக் கேட்டில்தான்.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

பாதிப் பேருக்குத் தேவையில்லை. வகுப்புக்கு லினக்ஸ் கட்டளைகள் பழகத்தான் என்றால், விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல் போதும். லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும்தான் என்றால், பென்ட்ரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட மாறாது. ரேம் 16 ஜிபி இருந்தால் விண்டோஸுக்குள் ஒரு ஜன்னலில் லினக்ஸை ஓட்டும் வேர்ச்சுவல் பொக்ஸும் நன்றாக ஓடும்.

டூயல் பூட் பொருந்துவது வேறு ஆட்களுக்கு. கணக்கு மென்பொருளோ அலுவலக மென்பொருளோ விண்டோஸில் மட்டுமே ஓடும், ஆனால் மிச்ச வேலையை லினக்ஸில் செய்ய ஆசை என்பவர்கள் ஒரு பக்கம். மெஷின் பழையது, விண்டோஸ் 11 ஏற்காது என்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டம்தான் இப்போது அதிகம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் வரை நீளும். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். ஏழாம் தலைமுறை ஐ5 லப்டொப்பை, கீபோர்டும் திரையும் நன்றாக இருக்கும்போதே தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. இன்டர்நெட் வேலை எல்லாம் லினக்ஸில், அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் இணைப்பைத் துண்டித்த விண்டோஸ் 10 என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

எந்த லினக்ஸ்?

லினக்ஸ் மின்ட். கேட்பவர் முதல் தடவை போடுகிறார் என்றால் நான் வேறு பெயர் சொல்வதில்லை. 2024 இல் வந்த 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, பழைய மெஷினிலும் நடக்கும், மெனு இருக்கும் இடம் விண்டோஸ் கைக்குப் பழக்கமானது. டவுன்லோட் 3 ஜிபிக்குள் அடங்கும். இன்னொரு லினக்ஸான உபுண்டு 24.04 என்றால் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. டொங்கிளில் டேட்டா எண்ணிப் பாவிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் படுக்கப் போகமுதல் போட்டு விடுங்கள்.

எதை முதலில் போடுவது?

விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. மாற்றிச் செய்தால் விண்டோஸ் வந்து தன்னையே முதலாவதாக வைத்துக்கொள்ளும்; அதற்கு லினக்ஸ் ஒன்று இருப்பதே தெரியாதது போல நடக்கும்.

லினக்ஸ் போட முதல் விண்டோஸில் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். லினக்ஸ் போடுவது இருபது நிமிட வேலை. கைவிட்டுப் போன கேஸ் என்று என்னிடம் வந்தவை எல்லாம் அந்த இருபது நிமிடத்தில் கெடவில்லை. அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தைச் செலவழிக்காததால் கெட்டவை.

முதலில் பக்அப். வெளியே ஒரு ஹாட் டிஸ்க்கில். அதே டிஸ்க்கின் டி டிரைவுக்குக் கொப்பி பண்ணுவது பக்அப் இல்லை.

அடுத்தது பிட்லொக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. "நான் அப்படி ஒன்றும் போடவில்லையே" என்பார்கள். நீங்கள் போட்டிருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11 உள்ள பல லப்டொப்களில், மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போனதும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். ஹோம் பதிப்பில் அதற்கு டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று பெயர். நாளாந்தம் எந்த வித்தியாசமும் தெரியாது. பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முதல் வரும் மெஷினின் சொந்த அமைப்புப் பக்கத்தில், கை வைத்த அன்றைக்குத்தான் தெரியும்.

என் மச்சாளின் மகள் இரண்டாம் வருடம் கம்பஸ். தானே வீடியோ பார்த்து பயோஸுக்குள் போய் செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட சிஸ்டத்தை மட்டும் தொடங்க விடும் காவலை) நிறுத்தியிருக்கிறாள். மெஷின் திரும்ப வந்தபோது நீலத் திரை, ரிக்கவரி கீ கேட்கிறது. 48 இலக்கம், ஆறாறாக எட்டுக் கட்டம். அந்தக் கீ மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும் என்று ஃபோனில் தேடினோம். அவளுடைய கணக்கில் எந்த டிவைஸும் இல்லை. லப்டொப் வாங்கிய கடையில் இருந்த பெடியன், அவசரத்துக்குத் தானே ஒரு மெயில் உண்டாக்கி எல்லாம் செற் பண்ணிக் கொடுத்திருக்கிறான். கடைக்குப் போனோம், அவன் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம். அந்த மெயிலின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் குரூப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு அனுப்பிய நோட்ஸ் மட்டும் மிஞ்சியது.

ஆகவே செட்டிங்ஸுக்குள் போய், டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால், அந்த 48 இலக்கத்தையும் கடதாசியில் எழுதி, இன்னொரு தடவை சரிபார்த்து, மெஷினுக்கு வெளியே வையுங்கள். பிறகு பிட்லொக்கரை நிறுத்தி, டிஸ்க் முழுதும் திறந்து முடியும்வரை காத்திருங்கள். பெரிய டிஸ்க் என்றால் மணித்தியாலக் கணக்கில் எடுக்கும்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்று தெரிவு செய்யும் இடத்தில் இருக்கும். அது ஓனில் இருக்கும்வரை ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸில் இருந்து விண்டோஸ் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் அதற்குப் பிரித்த பகுதியை) திறந்தால், வாசிக்க மட்டும்தான் விடும். நிறுத்திவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள மெஷினில் அதனால் வரும் தாமதம் கண்ணுக்கே தெரியாது.

லினக்ஸுக்கு எவ்வளவு இடம்?

மின்ட் குறைந்தது 20 ஜிபி கேட்கும். அந்த இடத்தை சி டிரைவைச் சுருக்கித்தான் எடுக்க வேண்டும். 100 கொடுப்பது நல்லது. 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் 60க்குக் கீழே போக வேண்டாம்.

சி டிரைவைச் சுருக்க முடியவில்லை. 120 ஜிபி சும்மா கிடந்தும் 9 ஜிபி மட்டும்தான் சுருக்கலாம் என்கிறது.

இடத்தின் நடுவில் அசைக்க முடியாத ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கிறது. அறை வெறுமையாகத்தான் இருக்கிறது, நட்டநடுவில் ஒரு இரும்பு அலுமாரி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, அல்லது ரிஸ்டோர் பொயின்ட். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் பண்ணி, டிஸ்க் மனேஜ்மென்டில் மறுபடி சுருக்கிப் பாருங்கள். முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

சுருக்குவதை எப்போதும் விண்டோஸிலேயே செய்யுங்கள். லினக்ஸ் இன்ஸ்டோலராலும் முடியும்தான். ஆனால் தன் வீட்டுச் சுவரைத் தானே தள்ளிக் கட்டுவதுதான் பாதுகாப்பு. சுருக்கியதும் வரும் வெற்றிடத்துக்கு எழுத்துக் கொடுக்கவோ ஃபோர்மட் பண்ணவோ வேண்டாம். கறுப்புப் பட்டையாகவே விடுங்கள்.

பென்ட்ரைவ் எப்படித் தயார் பண்ணுவது?

8 ஜிபி பென்ட்ரைவ், ரூஃபஸ் மென்பொருள், டவுன்லோட் பண்ணிய லினக்ஸ் கோப்பு (ஐஎஸ்ஓ). பார்ட்டிஷன் முறை ஜிபிடி. பென்ட்ரைவில் உள்ளது எல்லாம் அழியும். தங்கச்சியின் கலியாணப் படம் உள்ள பென்ட்ரைவை எடுத்துக்கொண்டு வந்தவரும் உண்டு, நல்லகாலம் கடைசி நிமிடத்தில் கேட்டார். அடிக்கடி செய்பவர் என்றால் வென்டோய் போட்டு வையுங்கள், ஐஎஸ்ஓக்களை வெறுமனே கொப்பி பண்ணினால் போதும்.

பென்ட்ரைவில் இருந்து தொடங்க எந்தக் கீ?

டெல், லெனோவோ: எஃப்12. எச்பி: எஃப்9. ஏசஸ் லப்டொப்: எஸ்கேப். ஏசர்: எஃப்12, ஆனால் சில மொடல்களில் பயோஸுக்குள் போய் அதை முதலில் இயக்க வேண்டும். லோகோ வரும்வரை காத்திருக்காமல், பவரை அழுத்திய உடனேயே தட்டத் தொடங்குங்கள்.

இன்ஸ்டோலர் என் டிஸ்க்கையே காட்டவில்லை. டிஸ்க் பழுதா?

பழுதில்லை. பல இன்டெல் லப்டொப்களில் டிஸ்க் கொன்ட்ரோலர் ஆர்எஸ்டி என்ற முறையில் வைக்கப்பட்டிருக்கும். லினக்ஸுக்குப் பலவேளை அது புரியாது. பயோஸில் ஏஎச்சிஐ என மாற்ற வேண்டும். ஆனால் அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். ஒழுங்கு இதுதான்: விண்டோஸில் அடுத்த தடவை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு, ரீஸ்டார்ட் பண்ணிப் பயோஸுக்குப் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் வந்து புதிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை நீக்கிவிடலாம். மேலே சொன்ன 48 இலக்கக் கடதாசி இந்த இடத்திலும் தேவைப்படலாம்.

எங்கே இன்ஸ்டோல் பண்ணுவது என்று கேட்கும் பக்கத்தில் எதைத் தெரிவது?

விண்டோஸ் பூட் மனேஜருக்குப் பக்கத்தில் போடு என்று ஒரு தெரிவு வரும். அதுதான். அதற்குக் கீழே, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடு என்று இன்னொன்று இருக்கும். அதில் விரல் பட வேண்டாம். "பக்கத்தில்" என்ற தெரிவே வரவில்லை என்றால், பெரும்பாலும் பிட்லொக்கர் இன்னும் பூட்டியிருக்கிறது, அல்லது பென்ட்ரைவைப் பழைய பயோஸ் முறையில் தொடங்கிவிட்டீர்கள். அவசரப்பட்டு வேறொன்றைத் தெரிவு செய்யாமல் வெளியே வாருங்கள். தொடர்வதற்கு முதல் கடைசியாக வரும் பெட்டியில் எந்தப் பார்ட்டிஷனில் என்ன நடக்கப்போகிறது என்று வரிவரியாகச் சொல்லும். அதை ஆறுதலாக, வடிவாக வாசியுங்கள். அதுவரை எதுவும் எழுதப்படவில்லை.

நடுவில் கரண்ட் போனால்?

லப்டொப் என்றால் பட்டரியை முழுதாக ஏற்றி, சார்ஜரிலும் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். மின்வெட்டு நேர அட்டவணை பார்த்து வாழ்ந்த 2022 போய்விட்டது என்று நினைத்திருந்தோம். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் கரண்ட் போனது. ஞாயிற்றுக்கிழமை என்பது என் மேசையில் லப்டொப் திறந்திருக்கும் நாள்.

செக்யூர் பூட்டை நிறுத்த வேண்டுமா?

மின்டுக்கும் உபுண்டுவுக்கும் வேண்டியதில்லை. என்விடியா கிராபிக்ஸ் டிரைவர் போடும்போது மட்டும், இன்ஸ்டோலர் ஒரு பாஸ்வேர்ட் கேட்டு, அடுத்த தொடக்கத்தில் நீலப் பின்னணியில் சாவி பதியும் பக்கம் ஒன்றைக் காட்டும். பயந்துபோய் தாண்டி விடாமல், என்ரோல் என்பதைத் தெரிவு செய்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

இன்னொன்று. 2024 ஒகஸ்ட் விண்டோஸ் அப்டேட் ஒன்று, டூயல் பூட் மெஷின்களில் லினக்ஸைத் தொடங்க விடாமல் தடுத்தது. எஸ்பிஏடி (ஓட்டையுள்ள பழைய பூட் கோப்புகளைத் தடுக்கும் முறை) சரிபார்ப்புத் தோல்வி என்று ஒரு வரி காட்டி மெஷின் அணைந்துவிடும். தற்காலிகமாக செக்யூர் பூட்டை நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், அந்த எஸ்பிஏடி கொள்கையை நீக்கி, எல்லாவற்றையும் அப்டேட் பண்ணிய பிறகு மறுபடி இயக்கினால் சரி. டூயல் பூட் என்றால் இப்படி வருடத்துக்கு ஒரு தலையிடிக்கு இடம் வைக்கத்தான் வேண்டும்.

எல்லாம் முடிந்தது, ஆனால் மெனு வராமல் நேரே விண்டோஸுக்குப் போகிறது.

லினக்ஸ் அழியவில்லை. கேட்டில் முதலில் நிற்பது விண்டோஸ், அவ்வளவுதான். பயோஸில் பூட் ஒழுங்கைப் பாருங்கள். உபுண்டு என்பதை மேலே கொண்டுவாருங்கள். நீங்கள் போட்டது மின்ட் என்றாலும் அங்கே உபுண்டு என்றே காட்டும், குழம்ப வேண்டாம். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இது திரும்பவும் நடக்கலாம். மறுபடி இன்ஸ்டோல் பண்ண ஓட வேண்டாம்.

மறுதலையாக, மெனு வருகிறது, அதில் விண்டோஸைக் காணவில்லை என்றால்: அந்த மெனுவைக் காட்டும் மென்பொருளின் பெயர் கிரப். 2021 இல் வந்த கிரப் 2.06 இல் இருந்து, மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு, அப்டேட்-கிரப் கட்டளையை ஒருதரம் ஓட்டினால் வந்துவிடும்.

விண்டோஸில் நேரம் பிழையாகக் காட்டுகிறது. மதர்போர்டுப் பட்டரி மாற்றச் சொல்கிறார்கள்.

எத்தனை மணித்தியாலப் பிழை என்று பாருங்கள். சரியாக ஐந்தரை என்றால் பட்டரிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மதர்போர்டில் ஒரு கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதில் இருப்பது கொழும்பு நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்து, தான் வேண்டிய 5.30ஐக் கூட்டிக்கொள்ளும். லினக்ஸ் இன்டர்நெட்டில் சரியான நேரத்தைப் பார்த்து, மதர்போர்டில் பொது நேரத்தை எழுதிவிட்டுப் போகும். பிறகு விண்டோஸைத் திறந்தால், இரவு 9 மணிக்கு பின்னேரம் 3.30 என்று காட்டும். சூம் வகுப்பை இப்படித் தவறவிட்ட பிள்ளையைத் தெரியும். இலங்கை நேரத்தையே 1996 இல் முன்னே தள்ளி, 2006 இல் திரும்ப 5.30க்குக் கொண்டுவந்த ஆட்கள் நாங்கள். கடிகாரம் குழம்புவது புதிதில்லை.

சரிப்படுத்த, லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி என்பதை 1 ஆக்குங்கள். அதன் பின் இரண்டும் ஒரே நேரத்தைப் பேசும்.

லினக்ஸில் தமிழ் எழுதலாமா? பாமினியில் எழுதிய கோப்புகள் திறக்குமா?

எழுதலாம். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள், அதனோடு எம்17என் பொதியைப் போட்டால் தமிழ் 99, ஒலியியல் முறை, இலங்கையில் பழகிய ரெங்கநாதன் பலகை எல்லாம் பட்டியலில் வரும். பாமினியில் கை பழகிய அச்சக வேலைக்காரருக்கு ரெங்கநாதன் அதிகம் அந்நியமாக இராது. பாமினிக் கோப்புகளுக்கு அந்த எழுத்துருவை லினக்ஸிலும் இன்ஸ்டோல் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று அழிக்காதீர்கள்.

இரண்டிலும் ஒரே கோப்புகளைப் பாவிக்கலாமா?

லினக்ஸ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை வாசிக்கும், எழுதும். விண்டோஸுக்கு லினக்ஸின் பார்ட்டிஷன் சும்மா தெரியாது. டி டிரைவ் ஒன்று இருந்தால் பொதுக் கோப்புகளை அங்கே வையுங்கள். லினக்ஸில் இருந்துகொண்டு சி டிரைவுக்குள் போய்த் துப்புரவு பண்ணுகிறேன் என்று மட்டும் வெளிக்கிட வேண்டாம். விண்டோஸிடம் இருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை ஃபோர்மட் பண்ணவா என்று கேள்வி வந்தால், இல்லை என்று சொல்லுங்கள்.

லினக்ஸ் சரிவரவில்லை. எடுத்துவிட வேண்டும்.

பார்ட்டிஷனை நேரே அழித்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. மெனுவின் கோப்புகள் அந்தப் பார்ட்டிஷனுக்குள்தான் இருக்கின்றன; அதை அழித்தால் அடுத்த தடவை கறுப்புத் திரையில் கிரப் அல்லது கிரப் ரெஸ்கியூ என்று ஒரு வரி வந்து நிற்கும். முதலில் பயோஸில் விண்டோஸ் பூட் மனேஜரை மேலே வையுங்கள். நேரே விண்டோஸ் வருகிறது என்று உறுதியானதும், டிஸ்க் மனேஜ்மென்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து, சி டிரைவை நீட்டிக்கொள்ளுங்கள். 100 எம்பி அளவில் ஈஎஃப்ஐ என்று ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கும், அதுதான் கேட். சும்மா கிடக்கிறதே என்று அதை அழித்தால் விண்டோஸும் தொடங்காது.

ஏற்கெனவே அழித்துவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே ஃபோனில் இதை வாசிப்பவர் என்றால்: மெஷினை அணைத்துப் போட்டு, எஃப்12ஐயோ உங்கள் மெஷினின் கீயையோ தட்டி, விண்டோஸ் பூட் மனேஜரைத் தெரியுங்கள். வந்துவிடும்.